படம் எடுத்த பிறகு ஃபோகஸ் மாற்றும் பட்டன் காணவில்லை, அவசரம்

மணி_திருமங்கலம்
நண்பர்களே, அவசரம். தங்கை வளைகாப்பில் எடுத்த படத்தில் ஃபோகஸ் குத்துவிளக்கில் விழுந்துவிட்டது. தங்கை முகம் மங்கலாக இருக்கிறது. எடுத்த பிறகும் தொட்டு ஃபோகஸ் மாற்றலாம் என்றுதானே இந்த லைட் ஃபீல்டு கேமரா போனையே வாங்கினோம்? இப்போது அந்தப் பட்டனே வரவில்லை. நேற்று வரை வந்தது. ஆல்பத்துக்கு நாளைக்குள் படம் கொடுக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

அரைக்கிளிக்
எந்த போன்? எந்த ஆப்பில் எடுத்தது? போர்ட்ரெய்ட் மோடா, சாதாரண மோடா?

சிவகாசி_செல்
கேலரி ஆப்பின் கேச் கிளியர் பண்ணுங்கள் ப்ரோ. முக்கால்வாசி பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

ஊதாப்பூ
லென்ஸைத் துடைத்தீர்களா? வளைகாப்பு வீட்டில் எல்லார் கையிலும் சந்தனம் இருக்கும். ஒரு விரல் பட்டாலே போதும், படம் முழுக்கப் பனி மூட்டம்தான்.

பிலிம்ரோல்
முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்வோம். உங்கள் கையில் இருப்பது லைட் ஃபீல்டு கேமராவே இல்லை. கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். லைட் ஃபீல்டு கேமராவில் சென்சாருக்கு முன்னால் பொடிப்பொடி லென்ஸ்கள் கொண்ட தகடு இருக்கும். ஒளி எந்த இடத்தில் விழுந்தது என்பதோடு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் பதிவாகும். அதனால்தான் பிறகு கணக்குப் போட்டு ஃபோகஸை நகர்த்த முடிகிறது. 1908இல் இயற்பியலாளர் லிப்மன் சொன்ன யோசனை. ஸ்டான்ஃபோர்டில் ரென் இங் 2006இல் இதில் ஆய்வேடு எழுதினார், அதிலிருந்து லைட்ரோ என்ற கம்பெனி பிறந்தது, 2012இல் கேமரா விற்பனைக்கு வந்தது, 2018இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். போனுக்குள் அது வரவே இல்லை. இதெல்லாம் இங்கே பலமுறை எழுதியாயிற்று. தேடிப் படிக்கத்தான் ஆள் இல்லை.

அரைக்கிளிக்
சார், அவர் வரலாறு கேட்கவில்லை. மணி, போன் மாடல்?

மணி_திருமங்கலம்
அண்ணன் போன்தான். பின்னால் இரண்டு கேமரா. கம்பெனி பெயர் போட்டால் இங்கே சண்டை வரும், அதனால் விடுகிறேன். கேச் கிளியர் பண்ணிவிட்டேன், பயனில்லை. லென்ஸும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

சிவகாசி_செல்
அப்படியென்றால் மெமரி நிரம்பியிருக்கும். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ஆழம்அறிவோம்
அண்ணன் போன் என்கிறீர்கள். இப்போது படத்தை யாருடைய போனில் திறந்து பார்க்கிறீர்கள்? அந்தப் போனுக்குப் படம் எப்படி வந்தது?

கோமேதகம்
பிலிம்ரோல் சார், போனுக்குள் வரவே இல்லை என்பது பாதிதான் சரி. டூயல் பிக்சல் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் இடம், வலம் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். லென்ஸின் இரண்டு பாதி வழியாக வரும் ஒளியும் தனித்தனியாகப் பதிவாகும். அதாவது இரண்டே திசை கொண்ட லைட் ஃபீல்டு. 2017இல் வந்த கூகுளின் பிக்சல் 2 போன், பின்னால் ஒற்றைக் கேமராவை வைத்துக்கொண்டு போர்ட்ரெய்ட் எடுத்தது இதை நம்பித்தான்.

பிலிம்ரோல்
இரண்டு திசை இருந்தாலே லைட் ஃபீல்டு என்றால், இரண்டு கண் உள்ள எல்லாரும் லைட் ஃபீல்டு கேமராதான். வாழ்த்துகள்.

கோமேதகம்
கிண்டல் இருக்கட்டும். முழு லைட் ஃபீல்டைப் போனில் வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பொடி லென்ஸுக்குப் பின்னாலும் 10க்கு 10 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பிக்சல் செலவழித்துப் படத்தில் கிடைப்பது ஒரு புள்ளி. லைட்ரோவின் முதல் கேமரா 1.1 கோடி கதிர்களைப் பதிந்து, கடைசியில் கொடுத்தது சுமார் 1.2 மெகாபிக்சல் படம். 2014இல் வந்த அவர்களுடைய இல்லம் (Illum) கேமரா 4 கோடி கதிர்கள், 1,599 டாலர். படம் சுமார் 4 மெகாபிக்சல். அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?

போனில் இன்னொரு சிக்கலும் உண்டு. லென்ஸின் திறப்பே சில மி.மீ.தான். திசை வித்தியாசம் முழுவதும் அந்தச் சிறிய திறப்புக்குள்தான் கிடைக்க வேண்டும். திறப்பு சிறியது என்பதால் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தாலே பெரும்பாலும் எல்லாமே தெளிவாக விழுந்துவிடும், பிறகு மாற்ற அதிகம் மிச்சமில்லை. பூ, பூச்சி என்று கிட்டே போய் எடுப்பவர்களுக்குத்தான் உண்மையான லாபம்.

குறுக்குச்சட்டம்
ஒரே லென்ஸுக்குள் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? பெலிக்கன் இமேஜிங் என்ற கம்பெனி 4க்கு 4 வரிசையில் 16 குட்டிக் கேமராக்களை அடுக்கியது. கேமராக்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஆழம் நன்றாகக் கணிக்கலாம், தடிமனும் குறைவு. 2013இல் நோக்கியாவே அதில் பணம் போட்டது. யோசனையில் தப்பில்லை, பொறுமைதான் யாருக்கும் இல்லை.

பிலிம்ரோல்
16 படங்களைத் தைத்து ஒன்றாக்கும் கணக்குக்கு பேட்டரி யார் தருவது? அதைப் போட்டு எந்தப் போன் கடைக்கு வந்தது, சொல்லுங்கள்.

ஊதாப்பூ
இது மணியின் கேள்வியா, உங்கள் பட்டிமன்றமா?

மணி_திருமங்கலம்
அண்ணன் குடும்பக் குழுவில் போட்டார், நான் அதிலிருந்து என் போனில் சேமித்தேன். நேற்று பார்த்தது அவர் போனில். இதற்கும் பட்டனுக்கும் என்ன சம்பந்தம்?

ஆழம்அறிவோம்
சம்பந்தமே அங்கேதான். இரண்டு கேமராவும் ஒரே காட்சியைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்து எது கிட்டே, எது தூரத்தில் என்று போன் ஓர் ஆழ வரைபடம் போட்டு, படக் கோப்புக்கு உள்ளேயே வைத்துவிடுகிறது. நீங்கள் தொடும் இடத்தின் ஆழத்தை விட்டுவிட்டு மற்றதை மென்பொருள் மங்கலாக்கும். மெசேஜ் ஆப்பில் படமாக அனுப்பினால் கோப்பைச் சுருக்கும்போது அந்த வரைபடம் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது வெறும் படம், பட்டன் எப்படி வரும்? அண்ணனிடம் அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் கேபிள் போட்டு எடுங்கள். உங்கள் போன் வேறு கம்பெனி என்றால் அதன் கேலரிக்கு அந்த வரைபடத்தைப் படிக்கத் தெரியாமலும் போகலாம். அப்போது அண்ணன் போனிலேயே மாற்றி, அந்தப் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. போன் தானாகப் போட்ட மங்கலைத்தான் இப்படி எடுக்க முடியும். கேமரா நிஜமாகவே விளக்கில் ஃபோகஸ் பிடித்து, முகம் லென்ஸிலேயே மங்கியிருந்தால் இந்த வகைப் போனில் அதை மீட்க முடியாது. மங்கல் அளவைக் குறைக்கும் கோட்டை அடிமட்டத்துக்கு இழுத்துப் பாருங்கள். முகம் தெளிந்தால் தப்பித்தீர்கள்.

பிலிம்ரோல்
ஆக, லைட் ஃபீல்டு இல்லை என்று நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. திசையைப் பதிந்திருந்தால் அந்த முகத்தை ஓரளவுக்காவது மீட்டிருக்கலாம்.

கோமேதகம்
1.2 மெகாபிக்சலில் மீட்டு, ஆல்பத்தில் தபால்தலை அளவுக்கு ஒட்டலாம்.

அரைக்கிளிக்
ஆழ வரைபடம் சரியாக இருந்தாலும் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஆல்பத்துக்குக் கொடுங்கள். மல்லிகைச் சரம், நெற்றி முடி, கண்ணாடி வளையல், இந்த மூன்றிலும் மென்பொருள் கட்டாயம் சொதப்பும். வளைகாப்புப் படத்தில் மூன்றுமே இருக்கும். ஜன்னல் கம்பி போல ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் பின்னணியும் அதைக் குழப்பும், எந்தக் கம்பிக்கு எது ஜோடி என்று அதற்குத் தெரியாது.

சிவகாசி_செல்
அப்போ கேச் இல்லையா?

மணி_திருமங்கலம்
டாக்குமென்டாக வாங்கினேன், பட்டன் வந்துவிட்டது. கோட்டை இழுத்தும் முகம் தெளியவில்லை. சித்தி எடுத்த படத்தைக் கொடுத்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி.

ஆழம்அறிவோம்
சரி. அண்ணன் போனில் உள்ள மற்றப் படங்களை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி வையுங்கள். வேறு ஆப்பில் வெட்டி, நிறம் மாற்றி, பழைய கோப்பின் மேலேயே சேமித்தால் அங்கேயும் வரைபடம் போய்விடலாம். அப்புறம், அந்த போன் என்ன மாடல் என்று இன்னும் சொல்லவில்லை.