பழைய பொக்ஸ்வாகன் ரி3 காம்பர்வானின் முன் ஆர்ம் புஷ் (சில்லைத் தாங்கிற கைகளின்ர மூட்டு றப்பர்) மாத்தினவை சொல்லுங்கோ

மஞ்சள்வான்:
பிறேக் பிடிக்கேக்க முன்பக்கத்தில ஒரு "டொக்", காலை எடுக்க இன்னொரு "டொக்". பொக்ஸ்வாகன் ரி3இல இப்பிடிக் கேட்டால் முதல் ரேடியஸ் றொட் றப்பரைப் பாருங்கோ. கீழ் ஆர்ம் ஒற்றைக் கை. அது முன்பின் போகாமல் பிடிக்கிறது அந்த றொட்தான். றப்பர் செத்தால் பிறேக் அடிக்கிற நேரம் சில்லே இடம் மாறும். சோதிக்க ரெண்டு பேர் போதும்: ஒராள் பிறேக்கை மிதிச்சபடி இருக்க, மற்றவர் வானை முன்பின் உலுக்க வேணும். றொட்டின்ர மரை முனை பிராக்கெட்டுக்குள்ள நகர்ந்தால் கதை முடிஞ்சுது. மேடு பள்ளத்தில மட்டும் "கிறீச்" எண்டால் அனேகமா மேல் ஆர்ம்.

முழுசாச் செய்யத் தேவையானது: மேல் ஆர்ம் புஷ் 4, கீழ் ஆர்ம் 2, ரேடியஸ் றொட் றப்பர் அரைகள் 4. ஸ்டபிலைசர் (வளைவில வான் சரியாமல் பிடிக்கிற கம்பி) றப்பர் வேற கணக்கு. போல் ஜொயின்ற் (ஆர்ம் நுனியில இருக்கிற உருண்டை மூட்டு) ஆடுதெண்டால் அதையும் இப்பவே வாங்குங்கோ. ஒரே கழட்டல்.

கராஜ்காரன்:
தம்பி சொன்ன எண்ணிக்கை சரி. கழட்ட முதல் ரெண்டு அடையாளம் வையுங்கோ. ரேடியஸ் றொட்டில நட்டுக்கு வெளியால எத்தனை மில்லிமீற்றர் மரை நிக்குது எண்டு ரெண்டு பக்கமும் அளந்து எழுத வேணும். அதுதான் காஸ்டர், சில்லு திரும்புற அச்சு முன்பின் சரிஞ்சு நிக்கிற கோணம். ஒரு பக்கம் பிசகினால் காஸ்டர் குறைஞ்ச பக்கம் வண்டி இழுக்கும். மேல் ஆர்மின்ர எக்சென்ரிக்கில (மையம் விலகின போல்ட்) உளியால ஒரு கோடு. அது காம்பர், சில்லு உள்ளுக்கோ வெளியாலயோ சரிஞ்சு நிக்கிற கோணம். பெயின்ற் அடையாளம் நம்பேலாது, துருநீக்கி அடிக்க அழிஞ்சுபோகும்.

சுருள்வில்லோட விளையாடாதீங்கோ. அமுக்கிப் பிடிக்கிற கருவி பூட்டி, கீழ் ஆர்முக்கு ஜக் குடுத்த பிறகுதான் போல் ஜொயின்ற்றில கை வைக்கலாம். வானின்ர பாரம் ஸ்ராண்டில (தாங்கு கால்) நிக்க வேணும், ஜக்கில இல்லை.

பழைய புஷ் தள்ள வராட்டி அடிச்சு ஆர்மை வளைக்காமல், றப்பரைத் துளைபோட்டு எடுத்துப்போட்டு, வெளி இரும்புக் கூட்டை வாள் அலகால நீளவாக்கில அறுங்கோ. கூடு மட்டும் அறுபட வேணும். ஆர்மில கீறல் விழுந்தால் பிறகு அந்த இடத்திலதான் வெடிக்கும். புதுசை மரைக்கம்பி, தடிச்ச வாசர், கூட்டின்ர விளிம்பில மட்டும் முட்டுற சொக்கெற் வைச்சு இழுக்கலாம். நடுக்குழாயில அழுத்தினால் றப்பர் கிழியும்.

நெடுவழி:
புதுப் புஷ் ஒரு வருசத்தில கிழிஞ்சுது எண்டு ஆக்கள் சாமானைத் திட்டுறது வழமை. பிழை பெரும்பாலும் இறுக்கின விதத்தில. றப்பர் உள்குழாயோடயும் வெளிக்கூட்டோடயும் ஒட்டிப்போன சாமான், சுத்தாது, முறுகும். ஆர்ம் கீழ தொங்கேக்க போல்ட்டை இறுக்கினால், வானை இறக்கின உடனே றப்பர் ஏற்கெனவே முறுகின நிலையிலதான் நிக்கும். ஒவ்வொரு குழியிலயும் இன்னும் முறுகும். அதால எல்லாத்தையும் கையிறுக்கமா விட்டு, சில்லைப் பூட்டி, நிலத்தில இறக்கி, முன்பக்கத்தை நாலைஞ்சு தரம் அமத்தி விட்டிட்டு இறுக்குங்கோ. காம்பர்வான் எண்டால் தண்ணித்தாங்கியும் நிரப்பியிருக்க வேணும். 50 லீற்றர் எண்டால் 50 கிலோ, உயரம் மாறும்.

மஞ்சள்வான்:
பொலி புஷ் (பொலியூறித்தேன் புஷ்) எண்டால்?

நெடுவழி:
அது ஒட்டினதில்லை, குழாயைச் சுத்திச் சுழலும். எந்த உயரத்தில இறுக்கினாலும் பரவாயில்லை. ஆனால் அதோட வாற சிலிக்கோன் கிறீஸ் பூசாட்டி ஒவ்வொரு திருப்பத்திலயும் கத்தும். ஆர்முக்கு நல்லது. ரேடியஸ் றொட்டுக்கு எனக்கு றப்பர்தான் பிடிப்பு: றொட் மேல கீழ சரிய வேணும், கடினமான புஷ் அந்தச் சரிவை விடாமல் மரைக்கிட்டயே வளைக்கப் பார்க்கும். றப்பர் பூட்டேக்க சவர்க்காரத் தண்ணி போடுங்கோ. எஞ்சின் ஒயில் பட்டால் றப்பர் ஊதிப்போகும்.

கராஜ்காரன்:
அலைன்மென்ற்றுக்கு (சில்லுக் கோணங்கள் சரிபார்க்க) வான் போகேக்க அளந்த குறிப்பையும் குடுத்து விடுங்கோ. டோவை (சில்லுகளின்ர முன்பக்கம் உள்ளுக்கோ வெளியாலயோ திரும்பி நிக்கிற அளவு) மட்டும் பார்த்துப்போட்டு அனுப்புற இடம் கனக்க இருக்கு. காஸ்டர், காம்பர், பிறகு டோ, அந்த ஒழுங்கில கேளுங்கோ. சில்லு நட் இறுக்கம் 180 நியூற்றன் மீற்றர். 50 கிலோமீற்றர் ஓடின பிறகு இறுக்கத்தை ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ, ரேடியஸ் றொட் நட்டுகளையும் சேர்த்து.