ஜிஎஸ்பியா, கபீபா? உங்களைப் பிடித்து இழுத்த சண்டை எது?

முதல்சுற்று:

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டையில் இந்த இருவரில் யார் பெரியவர் என்ற வாதம் எத்தனை முறை வந்தாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. ஒருவர் கபீப் 29-0 என்பார், அதாவது 29 வெற்றி, தோல்வியே இல்லை. இன்னொருவர் ஜிஎஸ்பி ஒன்பது முறை பட்டத்தைக் காத்தவர் என்பார். அப்புறம் யாராவது யாரையாவது திட்டுவார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால் இந்த முறை வெறும் கணக்கு வேண்டாம். ஜார்ஜ் செயின்ட் பியர் என்ற ஜிஎஸ்பியோ கபீப் நுர்மகமேதோவோ உங்களை எப்போது பிடித்தார்கள், எந்தச் சண்டையில், அதைச் சொல்லுங்கள்.

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். 2007 ஏப்ரல். ஜிஎஸ்பி, மேட் ஹியூஸைத் தலையில் உதைத்து வீழ்த்தி வெல்டர்வெயிட் (77 கிலோ) பட்டம் வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. எதிரே மேட் செர்ரா. ஒரு ரியாலிட்டி போட்டியில் ஜெயித்து அந்த வாய்ப்பைப் பெற்றவர். அவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை, நானும்தான். முதல் சுற்றிலேயே ஒரு குத்து எங்கோ காதோரம் பட்டது, ஜிஎஸ்பியின் கால்கள் பின்னின. அதற்குப் பிறகு அவர் நிமிரவே இல்லை. கடைசியில் கீழே கிடந்தபடி தட்டிவிட்டார், தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளம் அது.

நான் அப்போது ஒரு கராத்தே போட்டியில் தோற்று, நான்கு மாதமாக வகுப்புப் பக்கமே போகாமல் இருந்தேன். என்னைவிடச் சின்னப் பையனிடம் தோற்றிருந்தேன், அதுதான் உறுத்தல். செர்ராவின் பெயரை ஒரு செங்கல்லில் எழுதிச் சுமந்து, பிறகு அதை ஆற்றில் எறிந்ததாக ஜிஎஸ்பி பின்னாளில் சொன்னதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்து, 2008 ஏப்ரலில், மாண்ட்ரியாலில் அதே செர்ராவை இரண்டாவது சுற்றில் முழங்காலால் விலாவில் இடித்தே முடித்தார். எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனம் கனடாவில் நடத்திய முதல் நிகழ்ச்சி அது. அடுத்த வாரம் நான் வகுப்புக்குப் போனேன். செங்கல் எதுவும் எடுத்துப் போகவில்லை.

நான் எந்தப் பக்கம் என்று இனி சொல்ல வேண்டியதில்லை. உங்கள் முறை.

ஒற்றைவரி:

29-0. கதவைச் சாத்திவிட்டுப் போகலாம்.

பாய்விரிப்பு:

ஒற்றைவரி, கொஞ்சம் பொறுங்கள், கதவைத் திறந்தே வையுங்கள்.

நான் சண்டை பார்த்து ரசிகன் ஆனவன் இல்லை. கிராப்ளிங் (பிடித்து அமுக்கிச் சண்டையிடும் கலை) வகுப்பில் மற்றவர்கள் எனக்குச் செய்தபோதுதான் இருவரையும் புரிந்துகொண்டேன்.

எங்கள் வகுப்பில் ஒருவர் இருக்கிறார், பள்ளிக் காலத்திலிருந்து மல்யுத்தம் செய்தவர். கபீப் பாணியில் என்னைச் சுவரோரம் அமுக்கினார். எழுந்திருக்கலாம் என்று ஒரு கையைத் தரையில் ஊன்றினேன். அந்த மணிக்கட்டைத்தான் அவர் பிடித்தார். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். என் இரண்டு கால்களையும் தன் கால்களால் கட்டியிருந்தார். மிச்சம் இருந்த ஒரு கையால் முகத்தை மறைப்பதா, தரையை ஊன்றுவதா? மறைத்தால் எழ முடியாது, ஊன்றினால் அடி விழும். அவர் அடிக்கவில்லை, முகத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தார், அவ்வளவுதான். மூன்று நிமிடத்தில் எனக்கு மூச்சு போய்விட்டது, அவர் பேசிக்கொண்டிருந்தார். 2013இல் கபீப் ஏபல் ட்ருஜில்லோவை 21 முறை தரையில் போட்டது யுஎஃப்சி சாதனை என்று படித்தபோது, நான் நினைத்தது ட்ருஜில்லோவின் மூச்சைத்தான்.

ஜிஎஸ்பி வேறு மாதிரி வந்தார். இன்னொரு பயிற்சித் தோழி, உயரத்தில் என் தோள்வரைதான் இருப்பாள். ஜாப் ஒன்று, அதாவது முன்கையால் நேராக ஒரு குத்து, மூக்கில் விட்டாள். இரண்டாவது ஜாப்புக்குக் கை தூக்கினேன், அது ஜாப் இல்லை, இரண்டு கால்களையும் வாரி எடுத்துவிட்டாள். மூன்றாவது முறை கால்களைக் காக்கக் குனிந்தேன், இப்போது நிஜமான ஜாப். தோளும் முட்டியும் ஒரே மாதிரி அசைகின்றன, எது வரப்போகிறது என்று தெரிவதே இல்லை. "யாரிடம் கற்றாய்?" என்று கேட்டதற்கு ஜிஎஸ்பியின் பழைய சண்டைகளைப் பார்த்ததாகச் சொன்னாள். பள்ளி, கல்லூரி என்று எங்கும் மல்யுத்தம் செய்யாத ஒரு கியோகுஷின் கராத்தேக்காரர், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்களையே தரையில் போட்டது இப்படித்தான். ஜாஷ் காஸ்செக் கல்லூரி மல்யுத்தத்தில் தேசிய சாம்பியன். 2010 டிசம்பரில் அவரை ஐந்து சுற்றும் பெரும்பாலும் ஜாப்பாலேயே அடித்துக் கண்குழி எலும்பை உடைத்தார் ஜிஎஸ்பி.

கபீப் செய்யப்போவது உங்களுக்குத் தெரியும், ஆனால் நிறுத்த முடியாது. ஜிஎஸ்பி செய்யப்போவதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எது பெரியது என்று என்னைக் கேட்டால், எனக்கு அதிகம் வலித்தது முதலாவது. அதிகம் கற்றது இரண்டாவதில்.

முட்டிவலி:

எனக்கு முட்டியில் முன்சிலுவைத் தசைநார் அறுந்து அறுவைசிகிச்சை ஆனது. மறுபடி பாயில் இறங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பெண் என்பதால் "இனிமேல் எதற்கு இதெல்லாம்" என்று எல்லோரும் அறிவுரை சொன்னார்கள். நான் போய்க்கொண்டிருந்த பயிற்சிக்கூடத்தில்கூட, நான் திரும்பிவந்த முதல் நாளே ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். அது கிடக்கட்டும்.

எனக்கு அந்தச் சமயத்தில் கிடைத்தது ஜிஎஸ்பி - காண்டிட் சண்டை, 2012 நவம்பர். அவருக்கும் அதே தசைநார்தான் அறுந்திருந்தது. ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து வருகிறார். முதல் இரண்டு சுற்று நன்றாகவே போகிறது. மூன்றாவதில் காண்டிட்டின் இடது கால் தலையில் இறங்குகிறது, ஜிஎஸ்பி விழுகிறார். நான் அங்கே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விழுந்தவர் மல்லாந்து கிடந்து கால்களால் தடுக்கிறார். அடி வாங்குகிறார். கண் எங்கோ போய்த் திரும்பி வருகிறது. சுற்று முடிவதற்குள் காண்டிட்டைத் தரையில் போட்டு மேலே உட்கார்ந்திருக்கிறார். எந்த முட்டியைப் பற்றி எல்லோரும் பேசினார்களோ, அதே முட்டியை ஊன்றித்தான் எழுந்தார்.

சரி, இதனால் நான் ஜிஎஸ்பி கட்சி என்று நினைக்க வேண்டாம். கபீப் தோற்றதே இல்லை, அதனால் அவருக்குச் சறுக்கல் தெரியாது என்று பேசுகிறார்களே, அது எனக்குக் கோபம் வரவைக்கும். 2014 ஏப்ரலுக்கும் 2016 ஏப்ரலுக்கும் நடுவே அவர் ஒரு சண்டைகூடப் போடவில்லை. முட்டி, அப்புறம் விலா. இரண்டு வருடம் மருத்துவமனைப் படுக்கையும் உடற்பயிற்சிக் கட்டிலுமாகக் கிடப்பது எந்தப் பட்டியலிலும் தோல்வி என்று ஏறாது. கிடந்தவருக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

ஒற்றைவரி:

இதற்கு மறுப்பு இல்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

அப்பாவின்பையன்:

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் என் அப்பா. அதனால் இது சார்பான பதிவு என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் அப்பா, பாயில் குரு என்று இரண்டும் ஒருவரே ஆனால், தோற்ற நாளில் போய் அழ இடமில்லை. ஜெயித்த நாளிலும் இரவுச் சாப்பாட்டின்போது, "இடது கால் ஏன் பின்னால் போனது?" என்ற கேள்விதான். கபீப் தன் அப்பாவும் குருவுமான அப்துல்மனாப்பைப் பற்றிப் பேசும் பேட்டிகளில் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும், பாசமும் பயமும் கலந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த தயக்கம்.

2019 செப்டம்பரில் அபுதாபியில் பொய்ரியரோடு மோதியபோது அப்பா பயிற்சியாளராக அவருடைய மூலையில் இருந்தார். 2020 ஜூலையில் அப்துல்மனாப் இறந்துபோனார். அக்டோபரில் அதே அபுதாபி, எதிரே ஜஸ்டின் கேட்ஜி. இரண்டாவது சுற்றில் கால்களாலேயே கழுத்தை முக்கோணமாகப் பூட்டினார். கேட்ஜி தட்டினார், நடுவர் கவனிப்பதற்குள் மயங்கியும்விட்டார். கபீப் எழுந்து நாலடி நடந்து, கூண்டின் நடுவில் முகம் குப்புற விழுந்து அழுதார். அப்புறம் கையுறையைக் கழற்றித் தரையில் வைத்தார். அப்பா இல்லாமல் இனி சண்டை போடமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

என் அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் போன பிறகு நான் இரண்டு போட்டிகளில் கலந்துகொண்டேன். ஒன்றில் ஜெயித்தேன். இடது காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கபீப் மூன்று முறைதான் பட்டத்தைக் காத்தார் என்பவர்களுக்கு: ஆமாம், மூன்றுதான். மெக்ரெகர், பொய்ரியர், கேட்ஜி. மூவரும் பூட்டில் மாட்டித் தட்டினார்கள். ஜிஎஸ்பி காத்த ஒன்பதில் எட்டு, நடுவர்கள் புள்ளி கூட்டித் தந்தவை.

ஐந்தாம்சுற்று:

அப்பாவின்பையன் சொன்ன கடைசி வரி என் துறை என்பதால் உள்ளே வருகிறேன். உள்ளூர் அமெச்சூர் போட்டிகளில் கூண்டோரம் உட்கார்ந்து புள்ளி போடுகிறவன் நான். ஐந்து சுற்றுக்குப் போன சண்டையை மட்டமாகப் பேசினால் பொறுக்காது. ஜிஎஸ்பிக்கு எதிரே வருகிறவரெல்லாம் அந்த எடையில் உலகத்திலேயே முதல் வரிசை ஆள், ஐந்து வருடத்துக்கு மேல் அப்படி ஒவ்வொருவராக வரிசையில் நிற்கிறார்கள். ஜான் ஃபிட்ச், தியாகோ ஆல்வெஸ், ஷீல்ட்ஸ், நிக் டயஸ். ஒரு சறுக்கல் போதும்.

அதே சமயம் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2013 நவம்பர், ஜானி ஹெண்ட்ரிக்ஸ் சண்டை. இரண்டாவதும் நான்காவதும் ஹெண்ட்ரிக்ஸுக்கு, மூன்றாவதும் ஐந்தாவதும் ஜிஎஸ்பிக்கு, இதில் மூன்று நடுவர்களும் ஒத்துப்போனார்கள். எல்லாம் முதல் சுற்றில் தொங்கியது. இருவர் ஜிஎஸ்பிக்குக் கொடுத்தார்கள், ஒருவர் ஹெண்ட்ரிக்ஸுக்கு. அடுத்த மாதமே ஜிஎஸ்பி பட்டத்தை விட்டுவிட்டார். மன அழுத்தம் ஒரு காரணம், ஊக்கமருந்துச் சோதனை ஒழுங்காக இல்லை என்ற வருத்தம் இன்னொன்று. அந்த ஒரு சுற்றுக்கு நான் புள்ளி போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரு முறை அல்ல, நாலைந்து முறை. ஒவ்வொரு முறையும் கை நடுங்கும். என்ன போட்டேன் என்று இங்கே சொல்லமாட்டேன்.

கபீப் அப்படி ஒரு இக்கட்டில் யாரையும் உட்காரவைத்ததே இல்லை. யுஎஃப்சியில் நடுவர்கள் அவருக்கு எதிராகக் கொடுத்த முதல் சுற்று, 2018 அக்டோபரில் மெக்ரெகரோடு போட்ட மூன்றாவது சுற்று. அடுத்த சுற்றிலேயே கழுத்தைத் திருகித் தட்டவைத்துவிட்டார். (அதற்குப் பிறகு கூண்டைத் தாண்டிக் குதித்து மெக்ரெகரின் ஆட்கள்மேல் பாய்ந்ததைப் பற்றி நான் பேசவில்லை. ஒன்பது மாதத் தடையும் ஐந்து லட்சம் டாலர் அபராதமும் போதுமான அளவு பேசிவிட்டன.)

சும்மாபார்ப்பவன்:

எனக்கு இந்த விளையாட்டின் விதிகளே பாதிதான் தெரியும். ஒரு சந்தேகம். இந்த இரண்டு பேரும் மோதியிருந்தால் இந்தத் தலைப்பே தேவைப்பட்டிருக்காதே, ஏன் மோதவில்லை?

முதல்சுற்று:

நல்ல கேள்வி, எங்கள் எல்லோருக்கும் இருக்கும் வயிற்றெரிச்சலும் அதுதான். அப்துல்மனாப் மகனின் கடைசிச் சண்டை ஜிஎஸ்பியோடு இருக்க வேண்டும், 30-0 என்று முடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஜிஎஸ்பிக்கும் ஆசை இருந்தது. 2017இல் நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு வந்து, மேல் எடையில் பிஸ்பிங்கை மயங்கவைத்து இரண்டாவது பட்டம் வாங்கினாரே, அதற்குப் பிறகு அவர் குறி வைத்தது கபீபைத்தான். ஆனால் குடலில் நோய் வந்தது, அந்தப் பட்டத்தையும் ஒரு மாதத்தில் விட்டார். யுஎஃப்சிக்கு வேறு திட்டம் இருந்தது. 2019 பிப்ரவரியில் ஜிஎஸ்பி ஓய்வை அறிவித்துவிட்டார். ஜிஎஸ்பி 77 கிலோ, கபீப் 70 கிலோ, நடுவில் எந்த எடையில் நிற்பது என்ற பேச்சும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம்சுற்று, நீங்கள் கிளப்பிவிட்டதில் நேற்றிரவு ஹெண்ட்ரிக்ஸ் சண்டையை மறுபடி பார்த்தேன். வர்ணனை காதில் விழக்கூடாது என்று சத்தத்தை நிறுத்திவிட்டு, தாளில் புள்ளி போட்டேன். முதல் சுற்று ஹெண்ட்ரிக்ஸுக்கு, மொத்தத்தில் 48-47 என்று சண்டையும் அவருக்கே.

தாளை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். நான் இன்னும் ஜிஎஸ்பி பக்கம்தான், அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம்சுற்று:

சரி, நீங்கள் சொன்னதால் சொல்கிறேன். ஐந்து முறையில் மூன்று முறை நானும் அதையே போட்டேன்.