துவக்கைத் தொட்ட கை காட்டிக்கொடுக்குமா?

கவ்வாத்துக்காரன்:
எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் காட்டுப்பன்றிக்குப் பொறியாகக் கட்டிய கட்டுத்துவக்கு (துப்பாக்கி) வெடித்து ஒருவருக்குக் காலில் காயம். கோப்பிக்கடையில் ஒரே பேச்சு: கையில் மருந்தடித்தால் துவக்கைத் தொட்டவன் யாரென்று நிறம் காட்டிவிடுமாம். நாள் முழுக்க இரும்போடு கிடக்கிற எங்கள் கை வேறு எதைக் காட்டும்?

பதுளை லேப்:
அப்படி ஒரு சோதனை இருக்கிறது அண்ணே. உள்ளங்கை வியர்வை இரும்பைக் கொஞ்சம் கரைத்துத் தோலில் படிய வைக்கும். ஃபெரோசின் மாதிரி மருந்து பட்டால் அது மெஜந்தா நிறமாகும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில்லை, வடிவத்தையும் பார்ப்பார்கள். மம்பட்டிக்கும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் பிடி மரம். துவக்கின் விசையை இழுத்த விரலில் விழும் கோடு அதில் வராது.

கவ்வாத்துக்காரன்:
அலவாங்குக்கு, அதுதான் கடப்பாரைக்கு, எங்கே தம்பி மரப்பிடி? கத்தி தீட்டும்போது அலகைப் பிடிப்பதும் விரல்தானே!

ஹட்டன் ராசாத்தி:
பழைய கதை ஒன்று. உருகிய மெழுகைக் கையில் ஊற்றி உரித்து, வெடிமருந்தில் இருக்கும் நைட்ரேட்டைத் தேடும் முறையை 1933-ல் மெக்சிகோக்காரர் கொன்சாலஸ் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார். உரித்த மெழுகில் ஒரு மருந்து விட்டால், வெடிமருந்து பட்ட இடம் நீலமாகும். ஆனால் உரத்துக்கும் புகையிலைக்கும்கூட நீலமானது. கடைசியில் அதைக் கைவிட்டார்கள். உரம் போடுகிற நம் ஆட்களை அதில் நிறுத்தியிருந்தால் அத்தனை பேரும் குற்றவாளிதான்.

பதுளை லேப்:
அக்கா, அதற்குப் பிறகு எவ்வளவோ வந்துவிட்டது. இப்போது கையில் பசைநாடா ஒட்டியெடுத்து, இலத்திரன் நுண்ணோக்கியில் ஈயம், பேரியம், அன்டிமனி மூன்றும் ஒரே துகளில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தோட்டாவின் எரியூட்டியில் இருந்து வருவது அது. உரத்தில் அப்படி வராது.

ஹட்டன் ராசாத்தி:
சரி, அந்தத் துகள் கையில் எத்தனை மணிநேரம் நிற்கும்?

பதுளை லேப்:
வேலை செய்கிற கையில் நாலைந்து மணிநேரம் நின்றால் பெரிது. கழுவினால் அதுவும் இல்லை. துவக்கைப் பிடித்த ஆளின் கையைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சுட்ட உடனே பிடித்தால் நல்ல தடயம். வேண்டாம் என்று தள்ள முடியாது.

கவ்வாத்துக்காரன்:
சுட்டவனுக்குச் சரி தம்பி. இது கட்டுத்துவக்கு. கம்பியில் கால் பட்டால் தானே வெடிக்கும், கட்டியவன் அந்த நேரம் எங்கேயோ இருப்பான். கட்டி மூன்று நாளாகியிருந்தால் எத்தனை தரம் கை கழுவியிருப்பான்? காலையில் அலவாங்கு பிடித்த நாங்கள்தான் மெஜந்தாவாக நிற்போம்.