சபைக் குடும்ப முகாம்: எத்தனை செய்தி (பிரசங்கம்) வைக்கலாம்?

பொன்மலை:
ஸ்தோத்திரம். எங்கள் சிஎஸ்ஐ சபையின் குடும்பத் தியான முகாமை இந்த வருஷம் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு மதியம் திரும்ப வேண்டும். நாற்பது பேர். போன தடவை காலை ஐந்தரை ஜெபத்தில் ஆரம்பித்து ராத்திரி பத்து வரை செய்திமேல் செய்தி. பிள்ளைகள் பாயிலேயே சுருண்டு தூங்கிவிட்டார்கள். இந்த முறையும் மூன்று பிரசங்கியார்களைக் கூப்பிடச் சொல்கிறது கமிட்டி. திருச்சி பக்கம் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

குளித்தலை அக்கா:
தம்பி, ஒரு பிரசங்கியார் போதும். சனிக்கிழமை காலை ஒரு செய்தி, ராத்திரி ஒன்று. நடுவில் இருக்கிற நேரத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மாற்கு 6-ல் சீஷர்கள் ஊழியம் முடித்துத் திரும்பியதும் ஆண்டவர் அவர்களைத் தனியாகப் போய் இளைப்பாறத்தான் கூப்பிட்டார். சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்தவர்கள் அவர்கள். உங்கள் சபையில் வேலைக்குப் போகும் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

இடம் என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீர்பள்ளியில் சாந்திவனம் என்ற கத்தோலிக்க ஆசிரமம் இருக்கிறது. மோன்சனேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் 1950-ல் காவிரிக் கரையில் தொடங்கியது. 1968-லிருந்து பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி இருந்தார். அங்கே ஆரத்தி உண்டு, சமஸ்கிருத ஜெபமும் உண்டு. உங்கள் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம், அதனால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நாற்பது பேருக்கு இடம் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது, விருந்தாளிகளும் உட்கார்ந்து காய் நறுக்குவதுதான்.

அதை எங்கே போனாலும் வையுங்கள். சமையலுக்கு ஆள் வைத்தாலும் காய் வேலை சபையாருடையது. எங்கள் முகாமில், பாடகர் குழுத் தகராறுக்குப் பிறகு முகம் பார்க்காமலே இருந்த இரண்டு பேருக்கு நடுவில் சின்ன வெங்காயக் கூடையை வைத்தேன். முதலில் கத்தி கேட்டார்கள். அப்புறம் ஒருத்தர் மகனுக்கு வரன் அமையாததைச் சொல்ல, மற்றவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே ஜெபித்தார். இரண்டு பேருக்கும் கண்ணீர், வெங்காயத்தால் மட்டும் இல்லை. எந்தச் செய்தியிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை.

பங்கு இளைஞன்:
நான் கத்தோலிக்கன், அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) ஜெபக் குழுவில் இருக்கிறேன். அக்கா சொல்வது சரி, ஆனால் வேதவாசிப்பு இல்லாமல் விட்டுவிடாதீர்கள். எங்கள் இயக்கமே அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் 1967 பிப்ரவரியில் கல்லூரி மாணவர்களின் வார இறுதித் தியானம் ஒன்றில் தொடங்கியதுதான். திருத்தூதர் பணிகள் (நீங்கள் அப்போஸ்தலர் நடபடிகள் என்பீர்கள்) நூலின் முதல் நான்கு அதிகாரங்களைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். சனிக்கிழமை ராத்திரி நிரலில் இருந்தது பிறந்தநாள் கொண்டாட்டம். ஒவ்வொருவராக மாடியில் இருந்த சிற்றாலயத்துக்குப் போய் ஜெபத்தில் விழுந்துவிட்டார்கள். முன்கூட்டியே படித்து வரச் சொல்லுங்கள், சனி ராத்திரிக்கு முடிவு நேரம் போடாதீர்கள்.

பொன்மலை:
இரண்டு பேருக்கும் நன்றி. கமிட்டியில் இதை அப்படியே வாசிக்கப் போகிறேன். ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது பேர் குறைந்தால் ஆயர் வருத்தப்படுவாரே?

குளித்தலை அக்கா:
ஆயரையே குடும்பத்தோடு கூப்பிடுங்கள், தம்பி. ஊரில் முதல் ஆராதனையை முடித்துவிட்டுப் பத்து மணிக்குள் வந்துவிடலாம். திருவிருந்தை அங்கேயே நடத்தட்டும், மதியச் சாப்பாடும் உங்களோடு. அவருக்கும் ஒரு கூடை வெங்காயம் எடுத்து வையுங்கள்.