மறு: சைக்கிள் 'பவர்' – திறனா, வலுவா?

வணக்கம் ஐயா,

> 'பவர்' என்பதற்குப் பாடநூலிலேயே 'திறன்' இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு சொல் எதற்கு?

பாடநூலில் இருப்பது சரிதான். வேலையை நேரத்தால் வகுத்தால் திறன், அலகு வாட். தனியாக ஓர் இயற்பியல் கட்டுரை என்றால் நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் சைக்கிள் பயிற்சிக் கணக்குகளுக்கான நம் ஆவணத்தை முதலில் படிக்கப்போவது செயற்கை நுண்ணறிவு முகவர், மனிதர் அப்புறம்தான். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று முகவருக்குச் சொல்லும் 'ஸ்கில்' கோப்பையும் நாம் திறன் என்றே எழுதியிருக்கிறோம். ஓட்டுபவரின் உடல் தகுதியும் திறன்தான். வரைவில் ஒரு வரி இப்படி நிற்கிறது: "ஓட்டுநரின் திறனைக் கணிக்க இத்திறன் திறன் தரவைப் படிக்கும்." இதை வைத்து எந்தக் கணக்கைக் கூப்பிடுவது என்று முகவர் முடிவு செய்ய வேண்டும். பாவம்.

அதனால்தான் 'வலு' என்றேன். நான் உருவாக்கிய சொல் இல்லை. இலங்கைப் பாடநூல்களில் வாட்டில் அளப்பது வலுதான். அங்கே அமைச்சின் பெயரிலேயே மின்வலு இருந்திருக்கிறது. தமிழ்நாட்டு வாசகர் வலு என்றதும் கால் பலத்தை நினைப்பார் என்ற மறுப்பு நியாயமானது. பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விசை. பவர் மீட்டர் அந்த அழுத்தத்தால் வரும் முறுக்கத்தை ('டார்க்') அளந்து, சுழலும் வேகத்தால் பெருக்கிச் சொல்வதுதான் வலு. முதல் முறை வரும் இடத்தில் இதை ஒரு வரியில் சொல்லி, எண் வரும் இடமெல்லாம் வாட் என்று போட்டுவிட்டால் குழப்பம் தீரும்.

அடுத்து எஃப்டிபி, அதாவது 'ஃபங்ஷனல் த்ரெஷோல்ட் பவர்': ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வலு. நம் நிரலாளர்களுக்கு எஃப்டிபி என்றால் கோப்பு அனுப்பும் நெறிமுறை, மொழி மாதிரிக்கும் அதே பழக்கம்தான் இருக்கும். 'பயன்தொடக்க வலு' என்ற பரிந்துரையை நான் ஏற்க மாட்டேன். ஒளிமின் விளைவில் பயன்தொடக்க அதிர்வெண்ணுக்குக் கீழே எதுவுமே நடக்காது. இங்கே கதை தலைகீழ்: இந்த அளவுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டலாம், மேலே போனால் சீக்கிரம் களைத்துவிடும். 'மணிவலு'வும் ஒத்துவராது, எல்லோருக்கும் அது கச்சிதமாக ஒரு மணி நேரமாக அமைவதில்லை. 'தாங்குவலு' என்று வைக்கலாம். வழக்கமான சோதனையில் 20 நிமிடம் முழுமூச்சாக ஓட்டி, சராசரியை 0.95-ஆல் பெருக்குவார்கள். 250 வாட் வந்தால் தாங்குவலு 237.5 வாட்.

இங்கே அலகைக் கட்டாயமாக்க வேண்டும். "என் எஃப்டிபி 3.8" என்று ஒருவர் தட்டச்சு செய்வார். அது கிலோவுக்கு இத்தனை வாட் என்ற கணக்கு. 65 கிலோ ஆளுக்கு 247 வாட். அலகு கேட்காத முகவர் அதை 3.8 வாட் என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுத் தந்துவிடும்.

'நார்மலைஸ்டு பவர்' தான் உண்மையான தலைவலி. 'இயல்பாக்கிய வலு' என்றால் தரவுத்தளக்காரர்கள் தங்கள் 'நார்மலைசேஷன்' என்று நினைத்து வேறெங்கோ போய்விடுவார்கள். அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். 30 விநாடி நகரும் சராசரி எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அவற்றின் சராசரிக்கு நான்காம் மூலம் காண்கிறது. ஐந்து ஐந்து நிமிடமாக 100 வாட்டிலும் 300 வாட்டிலும் மாறி மாறி ஓட்டினால் சாதாரணச் சராசரி 200. இந்தக் கணக்கில் ஏறக்குறைய 253. அதாவது, சீராக 253 வாட்டில் ஓட்டியிருந்தால் உடம்பு எவ்வளவு வாடியிருக்குமோ அதற்கு ஈடு. ஆகவே 'ஈடுவலு'. நிகர்வலு என்றால் நிகர லாபம் மாதிரி எதையோ கழித்தது போலத் தொனிக்கும்.

'கிரிட்டிக்கல் பவர்', அதாவது சோர்வு வேகமாக ஏறத் தொடங்கும் எல்லை வலு, பற்றி விவாதமே வேண்டாம். 'கிரிட்டிக்கல் ஆங்கிள்' என்பதற்குப் பாடநூலில் மாறுநிலைக் கோணம் இருக்கிறது, மாறுநிலை வலு இருக்கட்டும். ஆனால் அதன் கூடவே வரும் 'டபிள்யூ பிரைம்' வலு இல்லை. மாறுநிலைக்கு மேலே ஓட்டும்போது செலவாகும் ஆற்றல் அது, அலகு ஜூல். மோனோ, ஷெரர் என்ற ஆய்வாளர்கள் இருவரின் 1965 கட்டுரையிலிருந்து வளர்ந்த கருத்து. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் குறையும், மெதுவாகப் போனால் மீண்டும் நிரம்பும். 'இருப்பு வலு' என்று வரைவில் போட்டிருப்பது பிழை. அதை வாட் என்று நினைத்து முகவர் மாறுநிலை வலுவோடு கூட்டிவிடும். 'கையிருப்பு' போதும். மளிகைக் கடை வாடை அடிக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

'பயிற்சிச் சுமை' (ஒரு பயிற்சி உடம்பை எவ்வளவு வாட்டியது என்ற மதிப்பெண்), 'முகவர்' இரண்டிலும் எனக்குச் சண்டை இல்லை. தாங்குவலுவில் ஒரு மணி நேரம் ஓட்டினால் சுமை 100 என்ற வரியை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

நிரலில் உள்ள மாறிப் பெயர்களைத் தொட வேண்டாம், விளக்க வரிகளில் மட்டும் மாற்றுவோம். கையிருப்புக்கு இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். மற்றதையெல்லாம் இன்று இரவே வரைவில் திருத்தி ஏற்றிவிடுகிறேன்.