பாண்டிச்சேரியில் அடித்ததைத் தபாலில் அனுப்பினால் போதாதா? (பையன் கேட்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை)

தீவுக்காரி, பினாங்கு

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் 11 பாரதி பிறந்தநாளுக்குத் தமிழ்ப்பள்ளியில் சின்னதாக ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். என் பையனுக்கு ‘இந்தியா’ பத்திரிகை பற்றிய அட்டை வந்திருக்கிறது. நான்தான் எழுதிக் கொடுத்தேன்: ‘ஆங்கிலேயரிடமிருந்து தப்பிப் புதுச்சேரிக்குப் போன பாரதி, தடைசெய்யப்பட்ட பத்திரிகையை இரகசியமாகக் கடத்தி அனுப்பினார்.’ அவன் படித்துப் பார்த்துவிட்டு, “புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் ஊர்னா அங்க அடிக்கிறது தப்பில்லையே, ஸ்டாம்பு ஒட்டித் தபால்ல போட வேண்டியதுதானே, எதுக்குக் கடத்தணும்?” என்று கேட்கிறான். சோறு ஆறிப்போகிறது சாப்பிடு என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன், ஆனால் உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மாமனார் உயிரோடு இருந்தபோது, அவருடைய தாத்தா இங்கே கடைத்தெருவில் மளிகைக் கடையில் வேலை செய்த காலத்தில் ‘செவப்புத் தாள் பேப்பர்’ ஒன்று ஊரிலிருந்து கப்பலில் வரும் என்று சொல்லுவார். அது இந்தப் பத்திரிகையாக இருக்குமா? இருந்தால் அட்டையில் போட்டுவிடலாம் என்று ஆசை.

பழைய அச்சுக்காரன், செந்தூல்

உங்கள் பையன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான் அம்மா. முதலில் தபாலில்தான் போனது.

வரிசையாகச் சொல்கிறேன். ‘இந்தியா’ 1906-ல் சென்னையில் தொடங்கிய வாரப் பத்திரிகை. 1908-ல் அரசு வழக்குப் போட்டபோது மாட்டியவர் பாரதி இல்லை, ஆசிரியர் என்று பதிவேட்டில் பெயர் இருந்த முரப்பாக்கம் சீனிவாசன். அவருக்கு 5 வருடம் தண்டனை. (இவருக்கு ஒரு அட்டை வைத்தார்களா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள், வைத்திருக்க மாட்டார்கள்.) பாரதி புதுச்சேரி போனார், அச்சு இயந்திரமும் பின்னாலேயே போனது, அக்டோபரில் பத்திரிகை மறுபடி வந்துவிட்டது. அச்சடிப்பது பிரெஞ்சு மண்ணில், அதனால் அங்கே யாரும் கைவைக்க முடியாது. ஆனால் படிக்கிறவன் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் சென்னையிலும் இருக்கிறான். எல்லை தாண்டியதும் மூட்டை ஆங்கிலேயன் தபாலுக்குள் விழுந்துவிடுகிறது. 1898 அஞ்சல் சட்டம் கையில் இருக்கிறது, சந்தேகப்பட்ட கட்டை நிறுத்தி வைக்கலாம். 1878 கடல் சுங்கச் சட்டம் இருக்கிறது, பெயர்தான் கடல், தரை வழியாக வருகிற பொருளையும் அதை வைத்துத் தடுக்கலாம். இதோடு 1910 பிப்ரவரியில் புதிய அச்சுச் சட்டமும் வந்தது. அடுத்த மாதமே, மார்ச்சில், ‘இந்தியா’ நின்றுவிட்டது.

நான் 30 வருடம் அச்சுக்கூடத்தில் இருந்தவன், அதனால் எனக்கு இதில் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. பத்திரிகை என்பது தாள் மட்டும் இல்லை, சந்தா. ‘இந்தியா’வின் சந்தா விகிதம் வேடிக்கையானது: அரசாங்கத்துக்கு 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கு 30, சாதாரண ஆளுக்கு 3. அந்த 3 ரூபாயும் தபாலில்தான் வரவேண்டும். பத்திரிகை போகிற வழி, காசு வருகிற வழி, இரண்டும் ஒரே வாசல், அந்த வாசலில் போலீஸ் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் போக, மேலுறையில் வாங்குகிறவன் பெயரும் தெருவும் எழுதியிருக்கிறதே, யார் படிக்கிறான் என்று தெரிந்துகொள்ள உள்ளே பிரித்துப் பார்க்கக்கூட வேண்டாம். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவன் அடுத்த வருடம் சந்தா கட்டுவானா?

அதனால் உங்கள் வாசகத்தில் ‘கடத்தி அனுப்பினார்’ என்பதை எடுத்துவிடுங்கள். கடத்தத் தெரியாமல் இல்லை, கடத்தினால் வாரப் பத்திரிகைக்குக் கட்டுப்படியாகாது.

புக்கிட் மெர்தாஜம் பாலா

ஐயா சொன்னது சரி, ஆனால் புதுச்சேரி வழியாகக் கடத்தலே நடக்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வெளிநாட்டிலிருந்து வந்த பத்திரிகைகளுக்கு நடந்தது. ஐரோப்பாவில் இருந்த விடுதலைப் போராளி மேடம் காமா 1909-ல் தொடங்கிய ‘வந்தே மாதரம்’ பத்திரிகை புதுச்சேரிக்கு வந்து, அங்கிருந்து இரகசியமாக உள்ளே போனது. லண்டனில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா நடத்திய ‘இந்தியன் சோஷியாலஜிஸ்ட்’டை 1907-லேயே இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தார்கள், அவரும் அந்த வருடமே பாரிசுக்குப் போய்விட்டார். அவர் பத்திரிகையை லண்டனில் அச்சடித்துக் கொடுத்த இரண்டு பேருக்கு 1909-ல் அடுத்தடுத்துச் சிறை. எழுதியவன் பாரிசில் பத்திரமாக இருக்கிறான், அச்சடித்தவன் உள்ளே போகிறான், முரப்பாக்கம் சீனிவாசன் கதையேதான்.

ஆனால் பினாங்கில் இருந்துகொண்டு பேசினால் ‘கதர்’ (துணி இல்லை, உருதுவில் கிளர்ச்சி என்று பொருள்) பத்திரிகையை விட்டுவிடக் கூடாது. 1913 நவம்பர் 1, சான் பிரான்சிஸ்கோ, முதல் இதழ் உருதுவில், அடுத்த மாதமே குர்முகியிலும். கலிபோர்னியா தோட்டங்களிலும் மரம் அறுக்கிற ஆலைகளிலும் கூலி வேலை செய்த பஞ்சாபிகள் கொடுத்த நன்கொடையில் நடந்தது. கவனியுங்கள், இலவசம். ஐயா சொன்ன சந்தாத் தொல்லையே இதற்குக் கிடையாது. தலைப்பிலேயே ‘ஆங்கில ஆட்சியின் எதிரி’ என்று போட்டுக்கொண்டு வந்தது, அதை ஹாங்காங், ஷாங்காய், மணிலா, சிங்கப்பூர், மலாயா என்று பஞ்சாபிகள் எங்கே காவல்காரனாகவும் சிப்பாயாகவும் இருந்தார்களோ அங்கெல்லாம் அனுப்பினார்கள். பிடித்தால் பிடித்துக்கொள் என்ற தைரியம். ஒரு பிரதி போய்ச் சேர்ந்தால் போதும், ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அதில் வந்த பாட்டுகளைத் தனிப் புத்தகமாகவே போட்டார்கள். பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டால் எந்தச் சுங்கக்காரன் பெட்டியைத் திறந்து தேடுவது?

1914-ல் போர் தொடங்கியதும் இங்கேயும் தபால் தணிக்கை இறுகிவிட்டது. சிங்கப்பூரில் காப்பிக்கடை வைத்திருந்த காசிம் மன்சூர் என்பவர் ரங்கூனில் இருந்த மகனுக்கு எழுதிய கடிதம் பிடிபட்டது, 1915-ல் அவரைத் தூக்கில் போட்டார்கள். அந்த வருடம் பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள், 47 பேரைச் சிறைச் சுவரோரம் நிறுத்தி ஊர் பார்க்கச் சுட்டார்கள். கிளர்ச்சிக்குக் காரணம் பத்திரிகை மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், படைக்குள்ளேயே பல பிரச்சினைகள் இருந்தன, முஸ்லிம் சிப்பாய்களான தங்களை முஸ்லிம் நாடான துருக்கியை எதிர்த்துச் சண்டைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. ஆனால் வெள்ளைக்காரன் அதற்குப் பிறகு ஒவ்வொரு காகிதத்தையும் வேறு கண்ணோடு பார்த்தான்.

கடல்வாசி

கடத்தினார் என்று போட்டால்தான் பிள்ளைகள் நின்று படிப்பார்கள், ‘சந்தா வசூலாகவில்லை’ என்று போட்டால் யார் பார்ப்பார்கள் லா 😄

பழைய அச்சுக்காரன், செந்தூல்

தம்பி, கடத்தல்தான் வேண்டுமென்றால் ரஷ்யாக்காரர்கள் கதையைப் போடச் சொல்லுங்கள். லெனின் ஆட்களின் ‘இஸ்க்ரா’ பத்திரிகை 1900 கடைசியில் ஜெர்மனியில் அச்சானது, அங்கிருந்து ரஷ்யாவுக்குள் கடத்த வேண்டும். மெல்லிய தாள், பெட்டிக்கு இரட்டை அடி, எல்லாம் செய்து பார்த்தார்கள். தாள் எவ்வளவு மெல்லியதானாலும் கட்டாகக் கட்டினால் கனம்தான், நூறு பிரதி தூக்கியவனுக்குத் தெரியும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் தொழிலில் ஃபிளாங் என்று ஒன்று உண்டு. கோத்த எழுத்தின்மேல் ஈரக் காகிதக்கூழ் அட்டையை அழுத்தி எடுத்தால் முழுப் பக்கமும் அதில் பள்ளமாகப் பதிந்துவிடும், காய்ந்த பிறகு அதில் ஈயத்தை ஊற்றினால் பக்கம் திரும்பவும் தயார். 1901-ல் ரஷ்ய ஆட்சியில் இருந்த பாக்கூ நகரில் ஒளிவாக ஓர் அச்சகம் வைத்து, இந்த அட்டைகளை வரவழைத்து அங்கேயே ‘இஸ்க்ரா’வை அடித்தார்கள். ஆயிரம் பிரதியைத் தூக்க வேண்டாம், பக்கத்துக்கு ஓர் அட்டை போதும். படம் பிடிக்கிற காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது, களிமண்ணில் நாணயத்தை அழுத்திக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

தீவுக்காரி, பினாங்கு

நன்றி ஐயா, நன்றி பாலா. அட்டையை முழுவதும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். சிவப்புத் தாள் விஷயத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே.

புக்கிட் மெர்தாஜம் பாலா

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா, வேண்டுமென்றுதான் விட்டேன். ‘இந்தியா’ சிவப்புத் தாளில் வந்தது உண்மை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு அந்தக் காலத்தில் கப்பல் ஓடியதும் உண்மை. பக்கத்திலேயே காரைக்கால், அதுவும் பிரெஞ்சுக்காரன் கையில். மூன்றையும் சேர்த்தால் கதை தானாக ஓடுகிறது, அதனால்தான் எனக்குப் பயம். யாராவது அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தால் ஒழிய ‘மாமனார் சொல்லுவார்’ என்றே போடுங்கள். அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

பினாங்குச் செய்தி ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் இது இருக்கிறது: ‘இந்தியா’ நின்ற அதே 1910-ல், டிசம்பரில், ஆர்மீனியன் தெரு 120-ம் எண் வீட்டில் சன் யாட் சென் ஆட்கள் ‘குவாங் வா’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். சீன மன்னராட்சிக்கு எதிரான நாடுகடந்தவர்கள், அடைக்கலம் கொடுத்தது ஆங்கிலேயன் ஊர். அவரையும் கொஞ்ச நாளில் கிளம்பச் சொல்லிவிட்டார்கள், அது வேறு. பத்திரிகை இன்றைக்கும் வருகிறது. பையனை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், வீடு அப்படியே இருக்கிறது, சனிக்கிழமை போகாதீர்கள், சுவர் ஓவியத்தோடு படம் எடுக்கிற கூட்டம் நகர விடாது.

தீவுக்காரி, பினாங்கு

சரி, மாமனார் பெயரிலேயே போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் பையனுக்குப் படித்துக் காட்டினேன். களிமண்ணில் 20 சென் காசை அழுத்தி அழுத்தி மேசையெல்லாம் அழுக்கு. இப்போது புதிதாக ஒன்று கேட்கிறான், இதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்: 1910-க்கு 3 ரூபாய் சந்தா கட்டினவங்களுக்கு மிச்சக் காசு திரும்பக் கிடைச்சதா?