இன்சுலின் அளவைக் கூட்டியும் சர்க்கரை இறங்கவில்லை

கேள்வி (கடலூர் முதுநகர்):
அம்மாவுக்கு 62 வயது. 30/70 இன்சுலின் (வேகமாக வேலை செய்வது 30, மெதுவாக வேலை செய்வது 70 சதவீதம் கலந்தது), குப்பி மருந்து. காலை 20, இரவு 12 யூனிட். ஒரு மாதமாக வெறும் வயிற்றிலேயே 240 காட்டுகிறது. குடும்ப டாக்டர் இன்னும் 4 யூனிட் கூட்டச் சொல்கிறார். கூட்டலாமா?

பதில் (நெல்லித்தோப்பு):
முதலில் சிரிஞ்ச் மூடி என்ன நிறம் என்று பாருங்க. நம்மூர்க் குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 20 கோடு வரை இழுத்தால் 0.2 மில்லி, உள்ளே போவது வெறும் 8 யூனிட். கடையில் கேட்காமலே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

கேட்டவர்:
ஆரஞ்சுதாங்க!

பதில் (நெல்லித்தோப்பு):
அப்போ நீங்களாகச் சிவப்புக்குத் தாவாதீங்க. குப்பி, சிரிஞ்ச் இரண்டையும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டி அளவைப் புதிதாக எழுதி வாங்குங்க. கூட்டிய அளவைச் சிவப்பில் போட்டால் தாழ்சர்க்கரைதான். 70க்குக் கீழே போனால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்க. மயங்கினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

பதில் (வில்லியனூர்):
வயிற்றையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்க. ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு கட்டியிருந்தால் மருந்து சரியாக ஏறாது. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் தள்ளிக் குத்தணும். 30/70 கலங்கல் மருந்து. குலுக்காமல் உள்ளங்கையில் மெதுவாக உருட்டி, ஒரே சீராகப் பால் நிறம் வந்த பிறகு இழுக்கணும். ஃப்ரீசரில் உறைந்த குப்பி என்றால் தூக்கிப் போடுங்க.